கெக்கில் கேஸ் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஏழு வருடம் இருந்தபோது வீட்டிலேயே பீர் காய்ச்சி கெக்கில் நிரப்பப் பழகினேன். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக்கே திரும்பி வந்தபோது பாத்திரம் பண்டத்தையெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு இரண்டு கெக்கை மட்டும் கட்டி எடுத்துவந்தேன். இப்போது அதில் இஞ்சி சோடாவும் வெறும் சோடாவும்தான் ஓடுகிறது. போன வருடம் ஒரு சீர் வீட்டில் கெக்கை வைத்து எல்லாருக்கும் சோடா பிடித்துக் கொடுத்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

கெக் என்றால் என்ன? எங்கே கிடைக்கும்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளை. வழக்கமான அளவு 19 லிட்டர், அமெரிக்கக் கணக்கில் 5 கேலன். கூல்டிரிங்க் கம்பெனிகள் கடைகளுக்கு சிரப் அனுப்புவதற்காகச் செய்தது. சிரப்பை அடைக்கப் பிளாஸ்டிக் பை வந்த பிறகு மூலையில் கிடந்ததை வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மேலே இரண்டு முனை. ஒன்றில் கேஸ், அதாவது சோடாவில் குமிழ் விடுகிற கார்பன் டை ஆக்சைடு, உள்ளே போகும், அதற்குக் குட்டைக் குழாய். இன்னொன்றில் அடிவரை இறங்கும் நீளக் குழாய், அதன் வழியாகப் பானம் வெளியே வரும். நடுவில் முட்டை வடிவ மூடி, அதில் ஒரு ரிலீஸ் வால்வு. இவ்வளவுதான் விஷயம். ஆன்லைனில் கிடைக்கிறது. பழசு வாங்கினால் ரப்பர் ஓ-ரிங் அத்தனையையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னே அதில் இருந்த கோலா வாசம் நீங்கள் போடும் சோடாவிலும் அடிக்கும். எத்தனை தடவை கழுவினாலும் ரப்பரை விட்டுப் போகாது.

ஏனுங்க, அப்ப இங்கேயே பீர் காய்ச்சி ஊத்திக்கலாமா?

கூடாதுங்க. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், சொந்தக் குடிக்குத்தான் என்றாலும் விலக்கில்லை. ராஜாஜி ஆட்சியில் அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே நம்ம சேலம் மாவட்டத்தில்தான். தென்னையும் பனையும் நிற்கிற ஊரில் கள்ளுக்கே 1987-லிருந்து தடை, இதில் பீருக்கு எங்கே போவது! இங்கிலாந்தில் 1963-லிருந்து வீட்டில் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, விற்காமல் இருந்தால் போதும். அமெரிக்காவில் வீட்டில் காய்ச்ச அனுமதிக்கும் சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-இல் கையெழுத்துப் போட்டார். அங்கே இருக்கிற நம்ம பசங்க கேட்பதால்தான் பீர் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே இருப்பவர்கள் சோடா கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே வேலைதான். சோடா பிறந்ததே பீர் தொட்டிக்கு மேலேதான். லீட்ஸில் நான் இருந்த அதே ஊரில், 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் பக்கத்து பீர் ஆலையில் நொதிக்கிற தொட்டியின் மேல் தண்ணீரை வைத்துப் பார்த்தார், தண்ணீருக்கு சுரீர் என்று ஒரு ருசி வந்திருந்தது. அதைத்தான் நாம் சிலிண்டர் வைத்துச் செய்கிறோம்.

கேஸ் ஏறவே மாட்டேங்குது. எவ்வளவு வைத்தாலும் சப்பென்று இருக்கு. ஏன்?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேட்பது இதுதான். கேஸ் சரியில்லை, சிலிண்டர்காரன் ஏமாற்றிவிட்டான், மெஷின் டூப்ளிகேட் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் திருப்பி ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கு?

குளிர்ந்த தண்ணீர்தான் கேஸைப் பிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏற விட்டுவிடும். யூடியூபில் பார்க்கிற அட்டவணை எல்லாம் 4 டிகிரி ஃப்ரிட்ஜை மனதில் வைத்து எழுதியது. நம்ம ஆள் அதில் 12 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தை அளக்கிற அலகு) என்று பார்த்துவிட்டு, சித்திரை மாதத்தில் சாளைத் திண்ணையில் கெக்கை நிறுத்தி 12 பிஎஸ்ஐ வைக்கிறார். ஏறுமா?

கணக்கைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பானத்தில் எத்தனை லிட்டர் கேஸ் கரைந்திருக்கிறது என்பதை வால்யூம் என்பார்கள். ஒரு வால்யூம் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு. சாதாரண பீருக்கு 2.5 வால்யூம். நாக்கில் சுள்ளென்று ஏறுகிற சோடாவுக்கு 3.5-லிருந்து 4. பீருக்கு அந்த 2.5 வர 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ போதும். அதே 2.5-க்கு 20 டிகிரியில் 28 வேண்டும், 30 டிகிரியில் 38, 39 வேண்டும். சோடாவுக்கு 4 வால்யூம் வேண்டுமானால் 4 டிகிரியிலேயே 28 பிஎஸ்ஐ. 30 டிகிரித் தண்ணீரில் 3.5 வால்யூம் ஏற்றவே 57 பிஎஸ்ஐ ஆகும். அப்படி ஏற்றினாலும் டம்ளரில் விழுந்த உடனே அத்தனையும் நுரையாகப் பறந்துவிடும், பானம் சூடாகத்தானே இருக்கிறது.

அதனால் முதலில் ஃப்ரிட்ஜ், அப்புறம்தான் சிலிண்டர். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றையும், அதற்கு ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலரையும் வாங்குங்கள். பெட்டி தண்ணீரை உறைய வைக்காமல் 3, 4 டிகிரியில் அந்தக் கண்ட்ரோலர் நிறுத்தும். கெக்கை முந்தின நாள் பொழுதோடவே உள்ளே வைத்துவிடுங்கள். 19 லிட்டர் குளிர ஒரு ராத்திரி முழுக்க ஆகும். வெளிச்சுவரைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கிறது என்று ஏமாறாதீர்கள், நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

சரி, குளிர வைத்தாச்சு. அடுத்து?

கெக்கை வாய்வரை நிரப்பாமல் குட்டைக் குழாய்க்குக் கீழே நான்கு விரல் இடம் விடுங்கள். மூடியைப் போட்டு, கேஸைத் திறந்து, ரிலீஸ் வால்வை மூன்று நான்கு முறை இழுத்து விடுங்கள். உள்ளே இருக்கிற சாதாரணக் காற்று வெளியேற வேண்டும், அது இருக்கிற இடத்தில் நம்ம கேஸ் நிற்காது. தண்ணீரை ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊற்றினால் தண்ணீருக்குள் இருக்கிற காற்றும் போய்விடும். சோடாவில் பொடிப்பொடிக் குமிழ் வேண்டும் என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் சிலிண்டர் ரெகுலேட்டரில் அழுத்தத்தை வைத்துவிட்டு மறந்துவிடலாம். பீர் என்றால் 12 பிஎஸ்ஐயில் ஒரு வாரம், பத்து நாள். அந்த அழுத்தத்தில் எத்தனை நாள் இருந்தாலும் அளவுக்கு மேல் ஏறாது, அந்த வெப்பநிலைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவோடு நின்றுவிடும். இதை 1803-லேயே வில்லியம் ஹென்றி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி சொல்லிவிட்டார். சோடாவை 28-இல் வைத்தாலும் இதே கதைதான்.

பத்து நாளா? நாளைக்கு விருந்துங்க. ஆட்டி ஏத்தலாமா?

ஆட்டலாம். கோலி சோடாக் கம்பெனியில் நடப்பதே அதுதான். சின்ன வயதில் எங்க அப்பிச்சியோடு சந்தைக்குப் போகிறபோது சோடாக் கடைக்காரர் வேலை செய்வதை நின்று பார்ப்பேன். இரும்புச் சட்டத்தில் பாட்டில்களைப் படுக்க வைத்துப் பூட்டுவார், கேஸைத் திறந்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக் கரகரவென்று சுற்றுவார், பாட்டில்கள் தலைகீழாகப் புரண்டு புரண்டு வரும். சுற்றும்போது தண்ணீரும் கேஸும் கலந்து வேகமாகக் கரைகிறது; தலைகீழாக நிற்கும்போது நிறுத்தினால் கோலி கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இருக்கிற அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது.

கெக்கையும் அப்படித்தான். நன்றாகக் குளிர்ந்த கெக்கைக் கேஸோடு இணைத்தபடியே படுக்க வைத்து, மடியில் போட்டுக் குழந்தையை ஆட்டுகிற மாதிரி ஆட்டுங்கள். கேஸ் உள்ளே போகிற கொர்ர் சத்தம் கேட்கும். சத்தம் குறைய 10, 15 நிமிடம் ஆகும், குறைந்தால் பெரும்பங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒன்று மட்டும் கவனம்: படுக்க வைக்கும்போது கேஸ் முனை மேல்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் பானம் ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும். ஒருவழி வால்வு ஒன்று குழாயில் மாட்டிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

சோடாவை 28-இல் ஆட்டினால் வம்பில்லை, அதற்கு வேண்டியதே அந்த அழுத்தம்தான். பீரை 30-இல் வைத்து ஆட்டுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். லீட்ஸில் என் முதல் கெக்கை அப்படித்தான் ஆட்டினேன். நண்பர்கள் வந்து உட்கார்ந்திருக்க, குழாயைத் திறந்தால் டம்ளர் நிறைய நுரை, அடியில் ஒரு விரல்கடை பீர். அப்படி ஆகிவிட்டால் கேஸைக் கழற்றிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரிலீஸ் வால்வை இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள், ஒரு நாளில் சரியாகும்.

கேஸ் ஏறியிருக்கு, ஆனால் ஊற்றும்போது நுரையாகவே வருது.

அநேகமாகக் குழாய் குட்டையாக இருக்கும். கெக்கிலிருந்து டேப் வரைக்கும் போகிற ட்யூபின் நீளம்தான் வேகத்தைக் குறைக்கிறது. 5 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ட்யூப் என்றால் 12 பிஎஸ்ஐக்கு 3 மீட்டர், 28 பிஎஸ்ஐக்கு 8 மீட்டர் வரைகூடப் போட வேண்டும். ‘டேப் பக்கத்திலேயே இருக்கே, எதுக்கு இத்தனை நீளம்’ என்று பிளம்பர் வெட்டிவிடுவார், விடாதீர்கள். சுருட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். ட்யூப் வெளியே வெயிலில் கிடந்தாலும் முதல் இரண்டு டம்ளர் நுரைதான். டேப்பைப் பாதி திறந்து பிடிப்பதும் தப்பு, திறந்தால் முழுசாகத் திறக்க வேண்டும்.

பால் கேனில் ஏத்தலாமா? நல்ல கனமாத்தானே இருக்கு. குக்கர்?

வேண்டவே வேண்டாம். மூடி 20 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 30 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 660 கிலோ. ஒரு நல்ல காங்கேயம் காளையின் எடைக்கும் மேலே, கீழிருந்து மூடியைத் தள்ளுகிறது. கம்பி கட்டி, கிளாம்ப் போட்டு எல்லாம் நிறுத்த முடியாது. குக்கர் ஒரு கிலோ அழுத்தத்துக்குச் செய்தது, அதுவும் வெயிட் தூக்கி விட்டுக்கொண்டே இருப்பதால் ஓடுகிறது. காசு போடாமல் சோதனை செய்து பார்க்க ஆசை என்றால் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க் பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள், அதற்கென்றே கார்பனேஷன் மூடி விற்கிறார்கள். தண்ணீர் பாட்டில் அல்ல, கேஸ் பானம் வந்த பாட்டில்தான். கண்ணாடி பாட்டில் பக்கமே போகாதீர்கள்.

சிலிண்டர் எங்கே நிரப்புவது? வெல்டிங் பட்டறையில் இருக்கிறதே அதுதானா?

கோவை, திருப்பூர், ஈரோடு எங்கே பார்த்தாலும் பட்டறை, எல்லா இடத்திலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் நிற்கும். ஆனால் உணவுத் தர கேஸ் என்று கேட்டு வாங்குங்கள், கோலி சோடா போடுகிறவர்கள் எங்கே நிரப்புகிறார்கள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும். தீயணைப்பு சிலிண்டர் வேண்டாம். வெல்டிங் ரெகுலேட்டரும் பல நேரம் உதவாது, அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும், நமக்கு அழுத்தத்தைக் காட்டுகிறது வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் ரெகுலேட்டரைக் கையோடு எடுத்துப்போய் மரை சேர்கிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று கேஜைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உள்ளே இருப்பது திரவம். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்கும், அப்புறம் திடீரென்று விழும். 20 டிகிரியில் 57 பார் (இதுவும் அழுத்த அலகுதான்), 30 டிகிரியில் 72 பார் என்று வெயிலுக்குத் தக்கபடிதான் முள் ஏறி இறங்கும். அதனால் தராசில் வையுங்கள். காலி எடை சிலிண்டர் தோளில் குத்தியிருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். 19 லிட்டர் சோடாவுக்குக் கரைவது 150 கிராம், வெளியே தள்ளுவது, காற்றை விரட்டுவது எல்லாம் சேர்த்து 250, 300 கிராம் ஆகும். 5 கிலோ சிலிண்டரில் பதினைந்து கெக்குக்கு மேல் ஓட்டலாம்.

ஓட்டலாம், ஒழுகாமல் இருந்தால். ஊருக்கு வந்து நிரப்பின முதல் சிலிண்டர் எனக்கு ஒரே ராத்திரியில் காலி. கெக் மூடி ஒரு நூல் அளவு சரியாக உட்காரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கேஜ் சுழியத்தில், கெக்கில் சப்பைத் தண்ணீர். சோப்பை நுரைக்கக் கரைத்து மூடியிலும் ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. குமிழ் விட்டால் அங்கே ஒழுகுகிறது. இப்போதெல்லாம் முதலில் 30 பிஎஸ்ஐ ஒரு தட்டுத் தட்டி மூடியை உட்கார வைத்து, சோப்பு நுரை போட்டுப் பார்த்த பிறகுதான் தூங்கப் போகிறேன்.

அந்த கேஸ் ஒழுகினா ஆபத்தா?

ஆபத்துதான், விளையாட்டு இல்லை. 5 கிலோ முழுசாக ஒழுகினால் ஏறக்குறைய 2.8 கன மீட்டர் கேஸ். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 28 கன மீட்டர். அறைக் காற்றில் பத்தில் ஒரு பங்கு அதுவாகிவிடும். 4 சதவீதத்திலேயே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தங்கும். நம்ம பக்கம் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது என்று, அதே சங்கதிதான் இது. சிலிண்டரைப் படுக்கையறையிலோ, ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமிலோ வைக்காதீர்கள். நான் பொடக்காணித் தாழ்வாரத்தில் சங்கிலி போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறேன், நிழலில். காரில் பூட்டி வெயிலில் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குள் போய் உட்காராதீர்கள்.

நன்னாரி, எலுமிச்சை எல்லாம் கெக்கிலேயே கலந்துவிடலாமா?

என் கருத்து, வேண்டாம். வெறும் தண்ணீரில் கேஸ் ஏற்றி, சிரப்பை டம்ளரில் ஊற்றி அதன் மேல் சோடாவைப் பிடியுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் கேஸ் கொஞ்சம் குறைவாகவே ஏறும், நுரையும் அடங்காது. எலுமிச்சைச் சக்கை ஒரு துளி போனாலும் முனையில் இருக்கும் ஸ்பிரிங் வால்வில் அடைத்துக்கொள்ளும். உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவைக் கெக்கில் நாள்கணக்கில் வைத்தால் ஸ்டீலில் புள்ளிப்புள்ளியாக அரிப்பு விழும். அதே காரணத்தால் பிளீச்சிங் பவுடர் போட்டும் கழுவக் கூடாது.

இஞ்சி மட்டும் விதிவிலக்கு. இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை போட்டு ஆறவைத்துக் கெக்கில் ஏற்றுகிறேன். தண்ணீர் விஷயத்தில், சிறுவாணி வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் போட்டால் எலுமிச்சையின் புளிப்பே தெரியாது, அதனால் ஆர்ஓ தண்ணீர்தான்.

இளநீர்? பதநீர்? மோர்?

இளநீரை வடிகட்டி, குளிர வைத்து ஏற்றினால் அருமையாக இருக்கும், ஆனால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும், மறுநாள் புளிக்கும். பதநீரை மூடிய கெக்கில் வைத்தால் தானாகவே கேஸ் ஏறும்! ஏனென்றால் அது கள்ளாக மாறிக்கொண்டிருக்கிறது, மேலே சொன்ன சட்டத்தை மறுபடி படியுங்கள். மோர் என் மச்சான் யோசனை. கேட்காமல் ஒரு நாள் நான் இல்லாதபோது ஏற்றியே விட்டார். டேப்பைத் திறந்ததும் நுரைத்து வந்தது, தண்ணி தனி, தயிர் தனி. ட்யூப் முழுக்கக் கருவேப்பிலை. எட்டு மீட்டர் ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன், காசு இன்னும் வரவில்லை.

சிலிண்டர் இல்லாமல் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டே கேஸ் வர வைக்க முடியாதா?

பீர்க்காரர்கள் செய்கிற பழைய முறை அது. காய்ச்சி முடித்த பீரில் மறுபடி கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடினால் ஈஸ்ட் அதைத் தின்று, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய அரை கிராம் கேஸ் விடும். பாட்டில் என்றால் லிட்டருக்கு 6, 7 கிராம், கெக்குக்கு அதைவிடக் குறைவாகப் போடுவது வழக்கம். 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, அப்புறம் குளிர வைக்க வேண்டும். அடியில் வண்டல் படியும், முதல் டம்ளர் கலங்கலாக வரும். இஞ்சியில் இந்த வேலையைச் செய்து கண்ணாடி பாட்டிலில் அடைத்து வைக்கிறவர்கள், நம்ம ஊர் வெயிலில் ஈஸ்ட் என்ன வேகத்தில் ஓடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை அத்தனையும் தீரும்வரை அது நிற்காது, பாட்டில்தான் வெடிக்கும். சாராயமும் கொஞ்சம் ஊறும்.

எப்படிக் கழுவுவது?

கெக் காலியானதும் முதலில் ரிலீஸ் வால்வை இழுத்து அழுத்தத்தை முழுசாக வெளியேற்றுங்கள், அப்புறம்தான் மூடியைத் திறக்க வேண்டும், ஸ்பேனர் எடுக்க வேண்டும். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்து, இரண்டு முனைகளையும் கழற்றி, நீளக் குழாயை உருவி, சன்ன பிரஷ் விட்டுத் தேயுங்கள். ஓ-ரிங்குக்கு உணவுத் தர சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஃப்ரிட்ஜ் குளிரில் உறைந்து கட்டியாகிவிடும், நானே தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.